ஹிராயே விலகிய வருடம்

ஷின்கிச்சி ஹிராயே என்ற ஜப்பானிய நடிகர் 1958ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சினிமாவை விட்டு விலகினார் என்ற செய்தி என்னிடமிருந்துதான் தொடங்கியது. அப்படி ஒரு வசனத்தை நான் எங்கும் எழுதவில்லை. நான் எழுதியது பட்டியல். பட்டியலில் ஒரு பெயர் ஒரு வருடத்துக்குப் பிறகு வராமல் போனால், படிக்கிறவர்கள் அந்த வசனத்தைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

ரொறன்ரோவின் நடுவில், ஒரு பல்கலைக்கழகத்தின் திரைப்பட நூலகத்தில் எனக்கு வேலை. விட்பியிலிருந்து காலை ரயிலில் வருவேன். படத்தின் பெயர், வருடம், நிறுவனம், இயக்கியவர், நடித்தவர்கள், சுருளின் நீளம், பிரதியின் நிலை என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு எழுதுவேன். படங்களை நான் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் வரும் பெயர்களை ஓடவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, கதை தொடங்குவதற்குள் நிறுத்திவிடுவேன். "பதினெட்டு வருசமா சினிமாவுக்குள்ள வேலை, ஒரு படத்தின்ர கதை சொல்லத் தெரியாது" என்று என் கணவர் றிச்சர்ட் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். அவர் பஸ் ஓட்டுகிறவர். "நீங்களும்தான் ஒவ்வொரு நாளும் ஆயிரம் பேரை ஏத்தி இறக்கிறீங்கள், ஒருத்தரின்ர கதையும் தெரியாது" என்று நான் பதில் சொல்வேன்.

எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு ஜப்பானியப் படங்கள் இருக்கின்றன. ஒருகாலத்தில் இந்த நகரத்தில் ஜப்பானியப் படங்கள் மட்டும் போட்ட ஒரு சிறு மண்டபம் மூடப்பட்டபோது கிடைத்தவை. நீண்ட காலம் தொடப்படாமல் கிடந்தவற்றுக்கு 2010இல் நான் பதிவு எழுதத் தொடங்கினேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆயாக்கோ என்ற மாணவி ஒவ்வொரு படத்தின் பெயர்களையும் திரையில் வருகிற வரிசையில் ஆங்கில எழுத்தில் எழுதித் தருவாள். படத்துக்கு ஒரு தாள். நான் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். எங்கள் விதிப்படி ஒரு படத்துக்கு முதல் எட்டு நடிகர்களின் பெயர்கள் போதும். வேறு நூலகங்களும் எங்கள் பதிவுகளை அப்படியே பிரதி எடுத்துக்கொள்கின்றன. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாருக்கும் தெரியாத, யாரிடமும் சொல்ல முடியாத வகைப் பெருமை.

சென்ற குளிர்காலத்தில் கொலின் அந்தப் பதிவுகளுக்குள் ஹிராயேயைக் கண்டுபிடித்தார். நூலகத்தின் சிறிய அரங்கில் என்ன படங்கள் காட்டுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். அவர் கண்டது இதுதான்: 1932இல் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்த ஒருவர். போருக்கு முன் பெயர் எட்டாவதாகவோ ஏழாவதாகவோ இருக்கிறது. போருக்குப் பிறகு ஆறு, ஐந்து, நாலு என்று மெல்ல ஏறுகிறது. 1958 ஜூனில் வெளியான படத்தில் மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கொலினுக்கு இப்படியானவை பிடிக்கும். ஒன்பது படங்களைத் தெரிவுசெய்து, 'விலகிய மனிதர்' என்று அந்த வரிசைக்குப் பெயர் வைத்தார். நிகழ்ச்சி மலருக்குத் தானே கட்டுரை எழுதினார். ஏணியின் உச்சிக்கு இரண்டு படி இருக்கும்போது ஹிராயே இறங்கிப் போய்விட்டார் என்றும், ஏன் என்று ஸ்டூடியோவும் சொல்லவில்லை அவரும் சொல்லவில்லை என்றும், அந்த மௌனம்தான் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு என்றும் அதில் இருந்தது. நன்றாக எழுதியிருந்தார். என் பட்டியலிலிருந்து இப்படி ஒரு கட்டுரை வருமென்று நான் நினைத்ததில்லை.

பிறகு, ஹிராயேயின் மகள் இந்த நகரத்திலேயே இருக்கிறார் என்று தெரியவந்தது. டொன் மில்ஸில், முதியவர்களுக்கான ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில். கொலின் அவருக்குக் கட்டுரையை அனுப்பிவைத்தார். அவரிடமுள்ள பழைய புகைப்படங்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டு வர என்னை அனுப்பினார். "நீங்கள் போனால்தான் பிழை வராது, யூஜினி" என்றார்.

மகளின் பெயர் ஃபுமியே. எண்பத்தெட்டு வயது. குள்ளமான, நிமிர்ந்து உட்காருகிற மனுஷி. நான் போன உடனே தேநீர் வைத்தார். பழைய புகைப்படங்கள் நாற்பது இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் யாரோ ஹிராயேயின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் அதை என் கொப்பியில் பார்த்து வரைந்துகொண்டேன். நாற்பது தடவை வரைந்ததில் அந்த எழுத்துகள் எனக்குப் பழக்கமாகிவிட்டன. இரண்டாவது எழுத்தின் இடது பக்கத்தில் மூன்று நீர்த்துளிகள் போல மூன்று கீறல்கள்.

ஃபுமியே ஆங்கிலத்தில் நன்றாகப் பேசினார். கேட்பதற்கு ஆள் கிடைக்காதவர்களின் அவசரம் அவரிடம் இருக்கவில்லை.

"அப்பா பெரிய அறையில் ஒன்பது வருடம் இருந்தார்" என்றார். "பெரிய அறை என்றால் கீழ்நிலை நடிகர்கள் எல்லாருக்கும் ஒரே ஒப்பனை அறை. நாற்பது பேர், ஆறு கண்ணாடி. கண்ணாடி கிடைக்காதவர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் பூசிவிட வேண்டும். அதனால் அப்பாவுக்கு மற்றவர்களுடைய முகம்தான் நன்றாகத் தெரியும், தன் முகம் தெரியாது என்று அம்மா சொல்லுவார்."

"பிறகு?"

"பிறகு நாலு பேர் அறை. பிறகு இரண்டு பேர். காலையில் ஒரு படத்தில் பொலிஸ்காரன், பின்னேரம் இன்னொன்றில் பால்காரன். மீசையை நடைபாதையிலேயே கழற்றுவார். வேறு ஸ்டூடியோவுக்குப் போக முடியாது. ஒருவரின் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். கலியாணம் கட்டின மாதிரித்தான்."

திரையில் பெயர் வருகிற வரிசையைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். முதல் பெயர் நட்சத்திரத்துக்கு. ஆனால் கடைசிப் பெயர், எல்லாரும் போன பிறகு தனியாக ஒரு அட்டையில் வருகிற பெயர், அந்த நட்சத்திரத்தைத் தாங்குகிற மூத்த நடிகருக்கு. நடுவில் இருக்கிறவர்களைத்தான் மேலும் கீழும் தள்ளுவார்கள். "அப்பா இருபது வருடம் நடுவில். கடைசி இடம் கிடைத்தால் அன்றைக்கே குடியை விட்டுவிடுவேன் என்பார். அதனால்தான் கொடுக்கவில்லையோ என்னவோ."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புகைப்பட இலக்கம் பதினேழா பதினெட்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து நான் கொப்பியை மூடியபோது அவர் எழுந்துபோய் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். கொலினின் கட்டுரை. ஒரு வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடிட்டிருந்தார்.

"ஐம்பத்தெட்டில் நிறுத்திவிட்டார் என்று இதில் இருக்கிறது."

"ஓம்" என்று வாய் தவறித் தமிழில் சொன்னேன்.

"நான் ஐம்பத்தெட்டு ஒக்டோபர் மூன்றாம் தேதி கப்பல் ஏறினேன்" என்றார். "அம்மா அதற்கு முதலே செத்துப்போய்விட்டார். அப்பாவுக்கு நான்தான். இங்கே பிறந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போகிறேன் என்றபோது அவர் சொன்னது ஒரே ஒரு வசனம். போனால் கடிதம் தேவையில்லை. நானும் பிடிவாதக்காரி. எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. எழுபத்திநாலில் சித்தி எழுதினார், செத்துவிட்டார் என்று. இங்கே ஒரு மண்டபத்தில் ஜப்பான் படம் போடுவார்கள். நான் அந்தத் தெருவாலேயே போகமாட்டேன். அவர் முகம் சுவரில் ஒட்டியிருந்தால் என்ன செய்வது?"

நான் மூடிய கொப்பியை மடியில் வைத்தேன்.

"அறுபத்தேழு வருடம், அவருக்கு என் நினைவே இல்லை என்றுதான் இருந்தேன். இப்போது பாருங்கள். நான் கப்பல் ஏறிய அதே வருடம் நிறுத்தியிருக்கிறார். இருபத்தாறு வருடம் ஏறினவர், நான் போனதும் நிறுத்திவிட்டார்." தாளை நாலாக மடித்தார், பிறகு விரித்தார். "கல்கரியில் இருக்கிற என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் போனிலேயே அழுதுவிட்டான். நான் அழவில்லை. எனக்கு என்னவோ நன்றாக நித்திரை வருகிறது."

அடுத்த திங்கட்கிழமை, மலரின் அட்டைக்காக ஹிராயேயின் பெயர் திரையில் வரும் காட்சி ஒன்று வேண்டுமென்று கொலின் கேட்டார். 1958 ஜூன் படத்தை எடுக்கப் போனவள் பக்கத்தில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டேன். அது அதே வருடம் டிசம்பரில் வெளியானது. சுருளை மேசையில் போட்டு ஓடவிட்டபோது றிச்சர்டின் தொலைபேசி வந்தது. கார் டயர் மாற்ற எந்த நாள் வசதி என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, சுருள் எட்டாவது பெயரைக் கடந்து ஓடியது. சின்னப் பெயர்கள் கூட்டம் கூட்டமாக வந்து போயின. கடைசியாக ஒரு அட்டை வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். இரண்டாவது எழுத்தின் இடது பக்கத்தில் மூன்று நீர்த்துளிகள்.

"வியாழனோ வெள்ளியோ? இஞ்சரும், கேக்குதோ?" என்றார் றிச்சர்ட்.

"பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

ஆயாக்கோவின் தாள்கள் என் அலுமாரியில் ஒரு கோவையில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். 1958 டிசம்பர் படத்தின் தாளில் இருபத்திரண்டு பெயர்கள். இருபத்திரண்டாவது ஹிராயே. அந்தப் பெயருக்கு மேலே ஒரு சிறிய கோடு, மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது போல. 1959இன் தாள்களிலும் அப்படித்தான். 1960இலும். அந்தக் கோட்டை நான் முன்பும் கண்டிருக்கிறேன். பட்டியல் முடிந்துவிட்டது என்பதற்கான குறி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தேவையானது முதல் எட்டு. தாளின் அடிப்பகுதி வரை என் கண் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எங்கள் ஊரான பாசையூரில் அந்தோனியார் திருவிழாவில் சுற்றுப்பிரகார ஊர்வலம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மற்றப் புனிதர்களின் சின்னச் சொரூபங்கள் முன்னால் போகும். அந்தோனியார் எல்லாருக்கும் பின்னால் வருவார். அவர் வரும்வரை யாரும் வீதியை விட்டு நகரமாட்டார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள், முன்னால் வருகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மூன்று நாட்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன். 1958 டிசம்பரிலிருந்து 1971 வரை நாற்பத்தேழு படங்கள். நாற்பத்தேழிலும் கடைசி அட்டை அவருடையது. 1971இல் அந்த ஸ்டூடியோ படமெடுப்பதை நிறுத்தியது. அதுவரை அவர் நிறுத்தவில்லை. என் பட்டியலில் அவர் மறைந்துபோன இடம், அவர் இருபத்தாறு வருடமாகக் காத்திருந்த இடம்.

பிழையைத் திருத்துவது பெரிய வேலை அல்ல. ஆனால் திருத்தினால் அது என் பெயரோடு, எங்கள் பதிவைப் பிரதி எடுத்த பதினொரு நூலகங்களுக்கும் போகும். கொலினின் வரிசைக்குத் தலைப்பு இருக்காது. இவை என்னைக் கொஞ்சம் வருத்தின, ஆனால் இரவில் எழுப்பவில்லை. என்னை எழுப்பியது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்தத் தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். றிச்சர்ட் மீன் முள்ளைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப, அந்த மனுசி சந்தோசமா இருக்கிறா?"

"ஓம்."

"எண்பத்தெட்டு வயசு?"

"ஓம்."

"அப்ப விடும். உமக்கென்ன வந்தது?"

"நான் எழுதினது பிழை, என்னப்பா."

"பிழையெண்டால் சுவாமியாரிட்டப் போய்ச் சொல்லும். அதுக்குத்தானே பாவசங்கீர்த்தனம் இருக்கு. மனுசியிட்டப் போய் ஏன்? அவா கேட்டவாவே?"

எங்கள் மகள் ஸ்டெபனி தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, தட்ஸ் நொட் ஓகே. அது அவாவின்ர டாட். அவாக்குத் தெரிய வேணும்."

"உமக்கு அப்பா என்ன செய்தாரெண்டு எல்லாம் தெரிய வேணுமோ?"

"ஏன், நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் சொல்லுறன், தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

இருவரும் சிரித்தார்கள். றிச்சர்ட் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டை, ஜப்பான்காரி, என்ன பேர்... அவள்தானே எழுதித் தந்தவள்? அவள் ஊருக்குப் போயிட்டாள்தானே? அவள் பிழையா எழுதினாள் எண்டு கொலினுக்குச் சொல்லிப்போட்டு விடும். மனுசிக்குச் சொல்லாதையும்."

ஆயாக்கோ சரியாக எழுதியிருந்தாள், தாள்கள் என்னிடம் இருக்கின்றன என்றேன். "தாள் எரியும்தானே?" என்றார் றிச்சர்ட். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முதல் நாளே, அந்தக் கோவையை மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நான் யோசித்திருந்தேன்.

நான் ஏன் சொல்லப் போகிறேன் என்று ரயிலில் என்னையே கேட்டுப் பார்த்தேன். உண்மை முக்கியம் என்பதாலா? என் வாழ்க்கையில் நான் எத்தனையோ உண்மைகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அதனால் நித்திரை கெட்டதில்லை. அந்த மனுஷிமேல் உள்ள இரக்கமா? இரக்கம் இருந்தால் றிச்சர்ட் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான். பிழையான பதிவு ஒன்று என் பெயரில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் மனம் சுத்தமாக இருப்பதற்காக ஒரு கிழவியின் நித்திரையைப் பறிக்கப் போகிறேன். இதை நேர்மை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் போனேன்.

முதலில் கொலினிடம் சொன்னேன். கோவையைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், "தலைப்பு?" என்பது. பிறகு அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். மலர் அச்சுக்குப் போகவில்லை, இன்னும் நாலு நாள் இருக்கிறது, கட்டுரையைத் தான் திரும்ப எழுதலாம் என்றார். "ஆனால் இது அவ்வளவு நல்ல கதை இல்லை, யூஜினி. ஒருவர் வேலையில் உயர்ந்தார், ஓய்வுபெற்றார்."

"உண்மை அதுதான்."

"தெரியும்" என்றார் அலுப்புடன்.

ஃபுமியேயின் வீட்டில் அதே தேநீர், அதே கோப்பைகள். குளிர்சாதனப் பெட்டியில் தாள் இருந்தது. நான் மேலங்கியைக் கழற்றாமலே சொல்லத் தொடங்கினேன். முதல் எட்டுப் பெயர்கள் என்ற விதி, கோடு, நாற்பத்தேழு படங்கள். பட்டியல் எழுதியது நான் என்பதை மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். இரண்டு தடவை அதிகம்.

கடிகாரம் இல்லாத வீடு அது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது.

"கடைசிப் பெயரா?" என்றார் பிறகு.

"எல்லாவற்றிலும்."

"தனி அட்டையிலா?"

"தனி அட்டையில்."

"அப்படியென்றால் அவர் நிறுத்தவில்லை."

"இல்லை."

"நான் போன பிறகுதான் அவருக்கு அது கிடைத்திருக்கிறது."

அவர் தன் கைகளைப் பார்த்தார். முகத்தில் கோபம் வருவதை நான் கண்டேன். எண்பத்தெட்டு வயது முகத்தில் கோபம் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் முழுதாக வருகிறது.

"நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். "நான் இன்னும் எத்தனை வருடம் இருப்பேன்? இரண்டு? மூன்று? பிறகு திருத்தியிருக்கலாமே. அந்த நாற்பத்தேழு படமும் எங்கேயும் ஓடிப்போகாது."

"நான் யோசித்தேன்."

"யோசித்தபிறகும் வந்தீர்கள்."

"ஓம்."

"மகனுக்கு என்ன சொல்லுவது? அவனை அழ வைத்துவிட்டேனே, சும்மா." திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வறண்ட, சிறிய சிரிப்பு. "குடியை விட்டாரா என்று உங்கள் பட்டியலில் இருக்கிறதா?"

இல்லை என்றேன். எழுந்து போக வேண்டுமா இருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தேநீரை மறுபடி ஊற்றவில்லை. கதவுவரை வந்தார். நான் சப்பாத்துப் போட்டு நிமிரும்போது கேட்டார்:

"அந்த முதல் படம், டிசம்பரில் வந்தது என்றீர்களே. எப்போது எடுத்தது?"

படப் பெட்டிக்குள் ஸ்டூடியோவின் விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. கொலின் அதை மொழிபெயர்ப்பித்திருந்தார். ஒக்டோபர் ஒன்பதாம் தேதி தொடங்கி நவம்பர் இரண்டாம் தேதி முடித்தார்கள் என்றேன்.

அவர் விரல்களை மடித்து எண்ணினார். "அப்போது நான் நடுக் கடலில்."

இரண்டு வாரம் கழித்து அவரே நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். திறப்பு விழாவுக்கு வரமாட்டேன், கூட்டம் வேண்டாம், அந்த ஒரு படத்தை மட்டும் தனியாகக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். தனியாக, பஸ்ஸில். பார்வையிடும் அறையில் ஒரு மேசை, சின்னத் திரை, இரண்டு நாற்காலிகள். நான் சுருளைப் போட்டேன். வழக்கமாக எழுந்து போகிற நேரத்தில் போகாமல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெயர்கள் ஓடின. கடைசி அட்டை வந்தபோது அவர் திரையைத் தொடப்போவது போலக் கையைத் தூக்கி, மடியில் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஹிராயே அந்தப் படத்தில் ஒரு மர வியாபாரி. முப்பத்தாறாவது நிமிடத்தில்தான் வருகிறார். நட்சத்திரமாக நடிக்கும் பெண் கடன் தொல்லையில் அழுதுகொண்டு அவரிடம் வருகிறாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் பேசப் பேச இவர் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. அவள் சொல்வது நெஞ்சைத் தொடுகிற இடத்தில் மட்டும் மெல்லுவது கொஞ்சம் மெதுவாகிறது. பிறகு திரும்பவும் பழைய வேகம். இரண்டாவது கிண்ணம் சோறு கேட்கிறார். அது வரும்வரை அவளைப் பார்க்காமல், காலிக் கிண்ணத்துக்குள் பார்த்தபடி, நாளைக்கு வா என்கிறார். அவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் நான் பார்த்த முதல் காட்சி. இவர் தாங்கினால் அந்தப் பெண் விழமாட்டாள் என்று பார்த்த உடனே தெரிந்தது. கடைசி அட்டை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதும் விளங்கியது.

ஃபுமியே முன்னால் சாய்ந்து, ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்களின் கீழே, வாயின் ஓரத்தில், கைகளில். எதைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் தேடினேன். ஒக்டோபர் ஒன்பதுக்கும் நவம்பர் இரண்டுக்கும் இடையில் ஒரு நாள், மகள் போய்விட்ட வீட்டிலிருந்து வந்து இந்த மனிதர் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். அந்த வீடு அவர் முகத்தில் எங்கும் தெரியவில்லை. மர வியாபாரி மட்டும் இருந்தார். அவர் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

"திரும்பப் போடுங்கள்" என்றார்.

அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவை முடிந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். திரையில் ஹிராயே கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"மெலியவில்லை" என்றார் ஃபுமியே.

குறையாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கும் முடிந்திருக்குமோ தெரியாது.

"வீட்டில் சமைக்க ஆள் இல்லை. நான்தான் சமைப்பேன். நான் போனால் இந்த மனுஷன் என்ன சாப்பிடுவார் என்று கப்பலில் பதினைந்து நாளும் அதே யோசனை. பாருங்கள், இரண்டாவது கிண்ணம் கேட்கிறார்." கைக்குட்டையை எடுத்தார், ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நல்லாகத்தான் செய்திருக்கிறார்."

"ஓம், மிகவும் நல்லா."

"ஐம்பத்தொன்பதில் எத்தனை?"

"ஆறு படங்கள்."

"இன்றைக்கு எத்தனை பார்க்கலாம்?"

அறை ஐந்து மணிவரை எங்களுடையது என்றேன். அவர் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார், அடுத்ததைப் போடச் சொன்னார்.